பூசணிப் பூவும் காட்டுத் தேனீயும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பாதிக் காணி காடாகிக் கிடந்தது. துப்புரவாக்கிப் பயிர் செய்கிறோம். பின்வேலிக்கு அப்பால் இப்போதும் காடுதான். முன்பு பூசணி கொடிக்குக் கொடி காய்த்தது. இப்போது பூக்கிறது, பிஞ்சு வெம்பி விழுந்துவிடுகிறது. தேனீ வருவதில்லை என்கிறார் அம்மா. விடிய எழுந்து ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவில் ஒற்றிக்கொண்டு திரிகிறார்.

எனக்குப் பிடிபடாதது இதுதான். காட்டுத் தேனீ காட்டில் இருக்கிறது, மருந்தடிப்பது தோட்டத்தில். காட்டுக்குள் போய் எவரும் மருந்தடிப்பதில்லை. பிறகு அது ஏன் குறைய வேண்டும்? தேனீப் பெட்டி இரண்டு வாங்கி வைத்தால் சரிவருமா? இன்னொன்று: எல்லையில் ஒரு பாலை மரம் பட்டு நிற்கிறது. விறகுக்கு வெட்டுவோம் என்கிறார் சித்தப்பா. அதில் கொசுத்தேனீ இருக்கிறது. என்ன செய்யட்டும்?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

*

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் பழ ஈ குத்தினாலும் பிஞ்சு விழும், தண்ணீர் காணாவிட்டாலும் விழும். எனவே ஒரு சோதனை செய்து பாருங்கள். அம்மா ஒற்றிய பெண்பூக்களின் காம்பில் நூல் கட்டிவிடுங்கள். நூல் கட்டியவை தங்கி மற்றவை வெம்பினால், குறை தேனீயில்தான்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியும் வேளையில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரு காலைதான் வாழ்வு. அதன் மகரந்தம் பருத்தது, முள்முள்ளானது, ஒட்டும் தன்மை கொண்டது. காற்று அதைத் தூக்காது. தேனீ ஒருமுறை வந்து போனாலும் போதாது, பலமுறை வர வேண்டும். வரவு குறைந்தால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பும். வரவே இல்லையென்றால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். காட்டுத் தேனீ காட்டுக்குள்ளேயே பிறந்து, உண்டு, முடிந்துவிடுகிறது என்று நினைப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. தேனீக்கு இருக்க இடம் வேண்டும், உண்ணப் பூ வேண்டும். இடத்தைக் காடு தாராளமாகத் தருகிறது. பூவை எல்லா மாதமும் தருவதில்லை. பாலை, வீரை, முதிரை எல்லாம் தத்தம் காலத்தில் பூத்து ஓய்ந்துவிடும். ஆடி, ஆவணியில் வன்னிக் காடு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது தேனீ வெளியே வருகிறது. வரம்பில் தும்பை, வேலியில் முருங்கை, வளவில் தென்னை, மேட்டுக்காணியில் எள்ளு என்று தேடுகிறது. குளக்கரையிலும் வாய்க்காலிலும் தண்ணீர் குடிக்கிறது. மலைத்தேனீ கிலோமீற்றர் கணக்கில் பறந்துபோய்த் திரும்பும். கொசுத்தேனீயோ சில நூறு மீற்றருக்கு மேல் போகாது. உங்கள் பின்வேலிக்கு அப்பால் கூடு கட்டியிருக்கும் கொசுத்தேனீக்கு உங்கள் தோட்டமும் காட்டின் ஒரு பகுதிதான். எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இலங்கையில் ஏறக்குறைய 150 தேனீ இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நாம் பெயர் சொல்லி அறிந்தவை மலைத்தேனீ, பொந்துத் தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ. மற்றவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. ஒரு தாய் தனியாக நிலத்தில் வளை தோண்டியோ பட்ட மரத்தைத் துளைத்தோ சில முட்டைகளை இட்டு, ஒவ்வொன்றுக்கும் மகரந்த உருண்டை ஒன்று வைத்து மூடிவிட்டுச் சாகும். இவற்றுக்குத் தேன்வதை இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை.

ஆனால் கத்தரிப் பாத்தியில் ஒரு காலை குந்தியிருந்து பாருங்கள். கத்தரிப் பூவின் மகரந்தப் பைகள் மூடியவை. நுனியில் மட்டும் ஊசித்துளை. வயிற்றில் நீல வரி ஓடிய ஒரு தேனீ வரும். மஞ்சள் பைகளைக் கால்களால் கட்டிப் பிடித்து, சிறகை அடிக்காமலே உடம்பைக் கிடுகிடுக்க வைக்கும். அந்த ரீங்காரம் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்கும். புளியங்கொப்பை உலுப்பினால் பழம் கொட்டுவதுபோல அந்தத் துளையால் மகரந்தம் கொட்டும். கருவண்டும் இப்படிச் செய்யும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை கைவராது. தக்காளிக்கும் இந்த அதிர்வுதான் வேண்டும். நீலவரித் தேனீ மண்மேட்டிலும் மண்சுவரிலும் வளை வைக்கும். நிலத்தில் வளை வைக்கும் தேனீக்கு, லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஒருமுறை ஓடினால் அந்தப் பருவத்துக் குஞ்சுகள் போய்விடும். காட்டோரத்தை டோசர் போட்டுத் தள்ளி நெருப்பு வைக்கும்போது எத்தனை வளைகள் போகின்றன என்று யாரும் எண்ணுவதில்லை.

மருந்து விடயத்தில் நான் கோபப்படுவது உங்கள் மீதல்ல. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி வந்து வயல் வட்ட வட்டமாகக் கருகும்போது பார்த்துக்கொண்டிருக்க எவராலும் முடியாது. 2018 கடைசியில் படைப்புழு வந்து சோளத்தைத் தின்றபோது கைக்குக் கிடைத்ததை எல்லாரும் அடித்தார்கள். என் கோபம், எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரம் என்பதைக் கடைக்காரரின் வாயிலிருந்து மட்டுமே கேட்க வேண்டிய நிலைக்கு விவசாயியை விட்டுவிட்டதன் மீது.

நேரம் என்பது சின்ன விடயமில்லை. பூசணியும் வெள்ளரியும் விரிந்திருக்கும் காலையில் அடித்தால் தேனீயின் மேலேயே அடிக்கிறோம். மாலையில், பூ சுருங்கியபின் அடித்தால் அதே மருந்தின் கேடு பெருமளவு குறையும். ஆனால் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளுக்கு இந்த உபாயம் போதாது. அவை செடிக்குள் ஊறி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடுகின்றன. 2012இல் பிரான்சில் தேனீக்களின் முதுகில் நுண்ணிய ரேடியோச் சில்லு ஒட்டிப் பார்த்தார்கள். இந்த வகை மருந்தொன்றைக் கொல்லாத அளவில் உண்ட தேனீக்களில் பல கூட்டுக்குத் திரும்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளை 2013இல் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்த வெளியில் பயன்படுத்துவதையே நிறுத்தியது.

2015இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விதைக்கு மருந்து பூசிய வயல்களையும் பூசாத வயல்களையும் ஒப்பிட்டார்கள். பெட்டித் தேனீக் கூடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காட்டுத் தேனீக்களோ மருந்து பூசிய வயல்களில் குறைந்திருந்தன. தனித்து வாழும் இனமொன்று அங்கே கூடு வைக்கவே இல்லை. காரணம் விளங்குவது கடினமில்லை. பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள் இருக்கின்றன. நூறு செத்தாலும் கூடு தாங்கும். தனித் தேனீயில் தாய் ஒன்று செத்தால் அந்தக் கூடே இல்லை. “பெட்டித் தேனீ நன்றாகத்தானே இருக்கிறது” என்பது மருந்து நல்லது என்பதற்குச் சாட்சியாகாது.

நெல்லைப் பற்றியும் ஒரு சொல். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை, அதனால் வயல் மருந்து தேனீயைத் தொடாது என்று பலர் நினைக்கிறார்கள். நெற்பூ விரியும் முற்பகலில் மகரந்தம் எடுக்கத் தேனீ வயலுக்கு வருவதுண்டு. ஜப்பானில் தேனீக்கள் கொத்தாகச் செத்தபோது அந்நாட்டு விவசாய அமைச்சு விசாரித்தது. நெல் பூக்கும் காலத்தில், நெல்மணியை உறிஞ்சும் மூட்டுப்பூச்சிக்கு அடித்த மருந்தே பெருமளவுக்குக் காரணம் என்று தெரிந்தது. நாமும் கதிர் பறியும் காலத்தில்தானே மூட்டுப்பூச்சிக்கு அடிக்கிறோம்? களைநாசினியின் கேடு வேறு வழியில் வருகிறது. அது தேனீயைக் கொல்லாவிட்டாலும் வரம்பில் பூக்கும் தும்பையையும் துத்தியையும் இல்லாமல் செய்கிறது. ஒரே பயிர் பல ஏக்கரில் ஒன்றாகப் பூத்து, ஒன்றாக முடிந்து, வரம்பும் மொட்டையாக இருந்தால், இரண்டு கிழமை விருந்துக்குப் பின் மாதக்கணக்கில் பட்டினி. அந்தப் பட்டினியில் கூடு மெலிகிறது.

இதன் நட்டம் காட்டுக்கும் போய்ச் சேர்கிறது. காட்டு மரங்களில் பெரும்பாலானவை காய்க்கப் பூச்சிகளைத்தான் நம்பியிருக்கின்றன. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வழியில் நாம் வாங்கித் தின்னும் பாலைப்பழம் சந்தைச் சரக்கு மட்டுமில்லை. கரடிக்கு அந்தப் பருவத்தில் அதுதான் முக்கியமான தீன். தோட்டத்தில் செத்த தேனீ, காட்டில் பூவைத் தொடாமல் போன தேனீயும்தான்.

காடு தோட்டத்துக்குத் தருவதை வெளிநாட்டில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கோஸ்டா ரிக்காவின் ஒரு கோப்பித் தோட்டத்தில், காட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் இருந்த செடிகள் 20 சதவீதம் கூடுதலாக விளைந்தன என்று 2004இல் எழுதினார்கள். இந்தோனேசியாவின் சுலாவெசியில், மூன்று தேனீ இனங்கள் மட்டும் வந்த கோப்பித் தோட்டத்தில் பூக்களில் 60 சதவீதம் காயாகியது. இருபது இனங்கள் வரை வந்த இடத்தில் 90 சதவீதம். கோப்பி வேறு, பூசணி வேறு. ஆனாலும் பலவகைத் தேனீ இருந்தால் காய்ப்பு நிலைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெட்டி பற்றி. வையுங்கள், பூசணிக்கு உதவும். ஆனால் அதைக் காட்டுத் தேனீக்கு ஈடாக எண்ண வேண்டாம். நம் பெட்டிகளில் வளர்வது காட்டுப் பொந்தில் இருக்கும் அதே தேனீதான். பூ இல்லாத மாதத்தில் பெட்டியை விட்டு ஓடிவிடும். பூவைக் கூட்டாமல் பெட்டியை மட்டும் கூட்டினால், இருக்கும் கொஞ்சப் பூவுக்கு அது காட்டுத் தேனீயோடு போட்டி போடும். கத்தரிக்கும் தக்காளிக்கும் அதனால் பெரிய பயனில்லை என்று மேலே சொல்லிவிட்டேன்.

“அப்படியென்றால் மருந்தையே நிறுத்து என்கிறீர்களா?” என்று சித்தப்பா கேட்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குமதி செய்வதை ஒரே நாளில் மறித்து, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டது. நடுவில் அடிபட்டது விவசாயி. அதற்குப் பிறகு இயற்கை விவசாயம் என்று பேச வாயெடுத்தாலே சனம் முகத்தைத் திருப்புகிறது. தேனீக்காக நான் கேட்பது அதைவிடச் சிறியது, செய்யக்கூடியது. பூக்கும் பயிருக்குக் காலையில் மருந்தடிக்க வேண்டாம். பூச்சியைக் கண்ணால் கண்ட பின் அடியுங்கள், நாள் பார்த்து அடிக்க வேண்டாம். பின்வேலியை ஒட்டி நாலைந்து பாகம் அகலத்துக்கு உழாமலும் களைநாசினி தெளிக்காமலும் விடுங்கள்; அங்கே முளைப்பது முளைக்கட்டும். எள்ளை முழுக் காணியிலும் ஒரே நாளில் விதைக்காமல், இரண்டு கிழமை இடைவெளி விட்டுப் பிரித்து விதையுங்கள். வேலிக்கு முருங்கை நடுங்கள். இவை ஒரு காணியில் செய்தாலே கொசுத்தேனீக்குப் பெரிய உதவி, அது அதிக தூரம் பறப்பதில்லை. மலைத்தேனீக்கு முழு ஊரும் செய்ய வேண்டும். அதற்குக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும், வெளியிலிருந்து வந்து நான் பேசினால் எடுபடாது.

பட்ட பாலையை வெட்ட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். கொசுத்தேனீ ஒரு பொந்தில் பல ஆண்டுகள் இருக்கும். பிசினும் மெழுகும் கலந்த அந்தச் சிறு குழாய் வாசலைக் காட்டுங்கள், மாலையில் பூசணியிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்து நுழைபவற்றைக் காட்டுங்கள். மரம் வேலியின் மேல் விழும் என்று அவர் அஞ்சினால், பொந்துக்கு மேலே உள்ள கொப்புகளை மட்டும் தறித்துவிட்டு அடிமரத்தை நிற்க விடலாம். கொப்பில் வீட்டுக்கு விறகும் கிடைக்கும்.

நூல் கட்டிய பூக்கள் என்னவாயின என்று எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்