தாரா ஏன் வழிவிடவில்லை? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் கார் பந்தய நாவலைக் கீழே வைக்க மனமில்லாமல் படித்து முடித்தேன். ஒரே அணியில் ஓட்டும் தாராவும் ஆதவும் முதல் பாதி முழுக்க முறைத்துக்கொண்டே திரிவதும், அப்புறம் மெல்ல நெருங்குவதும் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் முடிவை என்னால் ஏற்கவே முடியவில்லை. கடைசிப் பந்தயம். அந்தப் பருவம் முழுக்கச் சேர்த்த புள்ளிக் கணக்கில் தாராவுக்குப் பட்டம் கிடைக்க வாய்ப்பே இல்லை. ஆதவ் ஜெயித்தால் உலக சாம்பியன். முன்னால் போவது தாரா. ‘வழிவிடு’ என்று அணியே ரேடியோவில் சொல்கிறது. அவள் விடவில்லை. அவன் பட்டத்தை இழக்கிறான். அதற்குப் பிறகும் இருவரும் சேர்கிறார்கள் என்று முடித்திருக்கிறீர்கள். தனக்கு இழப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட விட்டுத்தர முடியாவிட்டால் அது என்ன காதல்? எனக்கு வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

இன்னொன்று, டயர், பிரேக், கிராஃப் என்று பக்கம் பக்கமாக வருகிறது. காதல் கதைக்கு இவ்வளவு தேவையா? இரண்டாம் பாகம் எழுதுவீர்களா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

தாராவுக்கு இழக்க ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன் வரை வந்து சேர்ந்தவர்களிலேயே பெரும்பாலானோர் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்காமல் ஓய்வு பெற்றவர்கள். பெண்கள் கணக்கு இன்னும் கொடுமை. 1975இல் ஸ்பெயின் பந்தயத்தில் லெல்லா லொம்பார்டி ஆறாவதாக வந்தார். அன்று ஆறாம் இடத்துக்கு ஒரு புள்ளி. விபத்தால் பந்தயம் முன்னதாகவே நிறுத்தப்பட்டதால் அதிலும் பாதிதான் கிடைத்தது. உலக சாம்பியன் பட்டப் பந்தயங்களில் இன்றுவரை ஒரு பெண் எடுத்த புள்ளி அந்த அரைப் புள்ளி மட்டுமே. என் தாரா இதெல்லாம் தெரிந்தவள். தன் முதல் வெற்றிக்குச் சில சுற்றுகளே மிச்சமிருக்கும்போது அவளிடம் ‘வழிவிடு’ என்கிறார்கள்.

ஆனாலும் உங்கள் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடாது. ஒரே அணியில் ஒருவர் பட்டத்துக்காக இன்னொருவர் ஒதுங்குவது இந்த விளையாட்டில் புதிதல்ல, கேவலமும் அல்ல. 2007இல் பிரேசிலில், தன் சொந்த ஊரிலேயே, ஃபெலிப்பே மாஸா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். பட்டத்துக்கான போட்டியில் அவர் இல்லை. அதே அணியின் கிமி ராய்க்கோனன் இருந்தார். டயர் மாற்ற நிற்கும் கடைசி பிட் நிறுத்தங்கள் முடிந்தபோது ராய்க்கோனன் முன்னால் இருந்தார், பந்தயத்தை ஜெயித்தார், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். மாஸாவை நான் மதிக்கிறேன். தாராவும் ஆதவும் வெறும் அணித் தோழர்களாக இருந்திருந்தால் அவளையும் நான் ஒதுங்க வைத்திருப்பேன்.

அவர்கள் காதலர்களாக இருப்பதுதான் சிக்கல். அவள் வழிவிட்டால், ஊர் அதை அணிக்காகச் செய்ததாகச் சொல்லாது. காதலனுக்குக் கொடுத்தாள் என்றுதான் சொல்லும். ஆதவின் பட்டம் காலம் முழுக்க அவள் தந்த பரிசாகவே பேசப்படும். சரி, ஊர் பேசிவிட்டுப் போகட்டும். அந்த இருவருக்கும் தெரியுமே! ஒவ்வொரு சண்டையிலும், சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் அவர்களை வாழவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்குபவனுக்கு அது எப்படி இருக்கும் என்பதற்கு 2002 ஆஸ்திரியா பந்தயத்தைச் சொல்வேன். ரூபன்ஸ் பாரிக்கெல்லோ அன்று யாராலும் தொட முடியாத வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதே அணியின் மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிடும்படி அணி உத்தரவிட்டது. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால், எல்லோரும் பார்க்க, பாரிக்கெல்லோ வேகத்தைக் குறைத்தார். ஷூமாக்கர் ஜெயித்தார். கூட்டம் கூச்சலிட்டது. மேடையில் ஷூமாக்கரால் முதல் படியில் நிற்க முடியவில்லை. பாரிக்கெல்லோவை அங்கே ஏற்றிவிட்டு இரண்டாம் படியில் நின்றார். மேடை முறையை மீறியதற்காகப் பத்து லட்சம் டாலர் அபராதம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் அணி உத்தரவுகளே சில வருடங்களுக்குத் தடை செய்யப்பட்டன. அந்தப் பருவத்தின் முதல் ஐந்து பந்தயங்களில் நான்கை ஜெயித்திருந்தவர் ஷூமாக்கர். அந்த வெற்றி அவருக்குத் தேவையே இல்லை, ஆதவின் நிலை வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஷூமாக்கரின் முகத்தில் அன்று தெரிந்த சங்கடம் ஆதவின் முகத்தில் வந்தால், அதைத் தாராவால் பார்க்க முடியுமா?

நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டும். ரேடியோவில் கேட்பது அணி. ஆதவ் கேட்கவே இல்லை. அவன் காதிலும் ரேடியோ இருக்கிறது, தன் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கடைசி மூன்று சுற்றும் அவளை முந்தப் பார்க்கிறான். உள்பக்கமாக நுழைகிறான். அவள் கதவைச் சாத்தவில்லை. ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டு, மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்கிறாள். 250 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தோடு சக்கரமாக வளைவில் திரும்பும்போது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யமாட்டார் என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் காலை அழுத்த முடியும். 1990இல் ஜப்பானின் சுசுகா பந்தயத்தில், முதல் வளைவிலேயே, புள்ளிகளில் முன்னால் இருந்த அயர்டன் சென்னா பட்டப் போட்டியாளர் அலன் ப்ரோஸ்டின் கார் மீது மோதி இருவரையும் வெளியேற்றினார், பட்டமும் அவருக்கே போனது. வேண்டுமென்றே செய்ததாக அடுத்த ஆண்டு அவரே சொன்னார். நம்பிக்கை செத்துப்போன இருவருக்கு நடுவே நடப்பது அது. என் நாவலின் காதல் காட்சி எது என்று கேட்டால், முத்தக் காட்சியை அல்ல, அந்த மூன்று சுற்றுகளைத்தான் காட்டுவேன்.

கிராஃப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை நீக்கினால் காதல் தொடங்கும் இடமே போய்விடும். ஒரே அணியில் இருப்பவர்களுக்குக் கார் ஒரே மாதிரிதான். அதனால் தோற்றால் காரைக் குற்றம் சொல்ல முடியாது. பந்தய உலகில் முதல் எதிரி அணித் தோழன்தான் என்பதற்குக் காரணம் இது. ஆனால் அதே அணியில் ஒருவருடைய டெலிமெட்ரியை, அதாவது காரின் கருவிகள் பதிவுசெய்யும் தகவலை, இன்னொருவர் பார்க்கலாம். எந்த இடத்தில் பிரேக்கை மிதித்தார், எவ்வளவு அழுத்தினார், எங்கே கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், வளைவுக்குள் ஸ்டியரிங்கை எத்தனை முறை திருத்தினார், எல்லாம் கோடுகளாக இருக்கும். இரண்டு பேருடைய கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். தாரா முதலில் ஆதவைத் தோற்கடிப்பதற்காகத்தான் அந்தக் கோடுகளைப் படிக்கிறாள். எல்லோரும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் போகும் ஒரு வளைவில் அவன் கால் ஒரு கணம் தளர்வதைக் கண்டுபிடிக்கிறாள். முந்தைய வருடம் அவன் விபத்துக்குள்ளான வளைவு அது. பேட்டிகளில் பயமே தெரியாதவன் போலப் பேசுகிறவனின் பயம் திரையில் ஒரு சின்னப் பள்ளமாகத் தெரிகிறது. அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. தன் இன்ஜினியரிடம்கூட. அவள் மனம் திரும்புவது அங்கேதான். பிரேக்கையும் கிராஃப்பையும் விளக்காமல் இந்த இடத்தை எப்படி எழுதுவேன்? டயர் பற்றிய பக்கங்களைச் சில இடங்களில் குறைத்திருக்கலாம், அது வேறு விஷயம்.

இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆதவ் வேறு அணிக்குப் போய்விடுகிறான். இனி ஒருவர் கோடுகளை மற்றவர் பார்க்க முடியாது. காரைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது என்று இருவர் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அவனுக்கு இப்போது எந்த வளைவில் கால் தளர்கிறது என்பதைத் தாரா அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவன் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்த அத்தியாயத்தைத்தான். வந்ததும் படித்துவிட்டு, இதே போல் கோபமாகவே எழுதுங்கள்.

அன்புடன்.