தகர ஷெட்டுக்குள் குளவியும் கதண்டும் கூடு கட்டாமல் தடுப்பது எப்படி?

கேட்டவரிடம் கலர் ஷீட் போட்ட ஷெட் இருக்கிறது. உள்ளே தேங்காய் உரிப்பு நடக்கிறது. கூட்டைத் தட்டிவிட்டாலும் கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி கட்டிவிடுகிறதாம், மருந்து அடித்தும் நிற்கவில்லையாம். நான் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஷெட் போடும் வேலையில் இருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஷீட்டெல்லாம் பறந்த பிறகு இந்தப் பக்கம் அவசரத்தில் எழும்பிய ஷெட்டுகள் நிறைய. அவற்றில் ஏணி வைத்து ஏறும் முன் குளவி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை.

மருந்தை மறந்துவிடுங்கள். ஷெட்டில் இருக்கும் பொந்துகளைப் பாருங்கள். இரும்பு ஷெட் என்றால் கெட்டியாக மூடிய கட்டடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது முழுக்க நிழலான பொந்துகள்தான். ஷீட்டின் நெளிவும் பர்லினும் (ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) சேரும் இடத்தில், ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே விரல் நுழையும் அளவு வழி இருக்கும். தாழ்வாரத்தில் இப்படி வரிசையாகப் பல வழிகள். டிரஸ்ஸுக்கு, அதாவது கூரையைத் தாங்கும் சட்டத்துக்குப் போட்ட ஸ்கொயர் டியூபின் (சதுர இரும்புக் குழாய்) முனையை அறுத்து அப்படியே திறந்து விட்டிருப்பார்கள். முகட்டுத் தகட்டின் அடி, ரோலிங் ஷட்டர் பெட்டியின் உள்பக்கம், பழைய போல்ட்டைக் கழற்றிய ஓட்டை, எல்லாமே குளவிக்குத் தயார் வீடு. மழை படாது, காக்கை எட்டாது.

முதலில் வந்திருப்பது யார் என்று பாருங்கள், ஏனென்றால் வருவது மூன்று வகை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மண்ணைக் குழைத்துச் சுவரிலும் பைப் வாயிலும் அப்புகிறதே, அது மண் குளவி. தனியாக வாழும். சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து குஞ்சுக்கு இரையாக மண்ணறையில் அடைத்து வைக்கும். நாம் கையில் பிடித்து அழுத்தினால் ஒழிய கொட்டாது, அதை விட்டுவிடலாம். ஆனால் மோட்டார் காற்றுத் துளை, கம்ப்ரசர் குழாய் முனை ஆகியவற்றை மண்ணால் அடைத்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பி 189 பேருடன் கடலில் விழுந்த விமானத்தில், வேகம் காட்டும் குழாயை அடைத்தது மண் குளவிக் கூடாக இருக்கலாம் என்பதுதான் விசாரணையின் சந்தேகம். ஷெட்டில் இதற்கு ஒரே வழி, பயன்படுத்தாத குழாய் வாய்க்கு மூடி போடுவது. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எப்போதும் ஈரமண் கிடந்தால் அந்தக் கசிவைச் சரி செய்யுங்கள். மண் கிடைக்காவிட்டால் அது வேறு இடம் போய்விடும்.

இரண்டாவது, காகிதம் போன்ற சின்னச் சின்ன அறைகளாகக் கட்டி, ஒரு மெல்லிய காம்பில் தொங்கவிடும் குளவி. சி எழுத்து வடிவில் இருக்கும் பர்லினின் உள்மடிப்பில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க, ஐரோப்பிய அறிவுரைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குளிர்காலம் வரை பொறுங்கள், கூட்டம் தானாகச் செத்துவிடும், பிறகு அடைக்கலாம் என்பார்கள். நம் ஊரில் பனி உறைவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இந்த வகைக் குளவியைத்தான். அதன் கூட்டம் வருடம் முழுக்க இயங்கும், ராணி போனால் அதே கூட்டில் இன்னொன்று ராணியாகிவிடும். அதனால் பொறுத்திருந்து பயனில்லை. நாணயம் அளவு கூடாக இருக்கும்போதே பார்த்து எடுப்பதுதான் வழி. மாதம் ஒரு முறை டார்ச் அடித்து பர்லின் வரிசை முழுவதையும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

மூன்றாவதுதான் கதண்டு. சில ஊர்களில் கதம்ப வண்டு என்பார்கள், பேப்பரில் விஷ வண்டு என்று வரும். உடல் கருப்பு, வயிற்றில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை, குளவியைவிட நல்ல பெரிசு. இதில் ஒரு வகை சின்னக் குளவிகளின் கூட்டைத் தேடிப் போய்ப் புழுக்களைச் சூறையாடித் தின்னும். ஆகவே சின்னக் குளவியைப் பெருகவிட்டால் கதண்டு சுற்ற ஆரம்பிப்பதில் ஆச்சரியமில்லை. சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் கட்டும் வகையும் உண்டு, தென்னையிலும் தாழ்வாரத்திலும் பெரிய உருண்டையாகத் தொங்கவிடும் வகையும் உண்டு.

இனி அடைப்பது. புது ஷெட் என்றால் ஷீட்டின் நெளிவுக்கு ஏற்ற வடிவில் வெட்டிய ஃபோம் பட்டை கேளுங்கள். ஷீட் கம்பெனி டீலர்களிடம் கிடைக்கும். தாழ்வாரப் பர்லினுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் வைத்து ஸ்க்ரூ முறுக்கினால் அந்த வரிசை முழுக்க மூடிவிடும். பழைய ஷெட்டில் கடைசி வரிசை ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு உள்ளே தள்ளலாம். முகட்டில் மட்டும் ஃபோம் வைத்து அடைக்காதீர்கள். சூடு வெளியேறும் வழி அதுதான், சித்திரை வெயிலில் உள்ளே நிற்கவே முடியாமல் போய்விடும். அங்கே 3 மில்லிமீட்டர் கண் உள்ள துருப்பிடிக்காத வலை போதும். கொசுவலை நார்த் தூசியில் அடைத்துக்கொள்ளும்.

டியூப் முனைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடியுங்கள். அடிப்பக்கம் சின்னதாக ஒரு நீர்த் துளை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும் தண்ணீர் நின்று துரு தின்னும். ஓட்டைகளுக்கு எம்சீல் வேண்டாம். வெயிலில் இரும்பு விரிந்து இரவில் சுருங்கும்போது அது பெயர்ந்து விழுந்துவிடும். இரும்போடு சேர்ந்து நீண்டு கொடுக்கும் சிலிக்கான் அல்லது பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வாங்குங்கள்.

இதில் ஒன்றில் மட்டும் அவசரப்படவே கூடாது. உள்ளே கூட்டம் இருக்கும்போது வாயை அடைத்தால் அது சும்மா இருக்காது, வேறு சந்து தேடி ஷெட்டுக்குள்ளேயே இறங்கும். ஆகவே பொழுது சாயும் நேரத்தில் தள்ளி நின்று ஒவ்வொரு பொந்தையும் கால் மணி நேரமாவது கவனியுங்கள். போக்குவரத்து இல்லை என்று தெரிந்த பிறகு அடையுங்கள். அதேபோல் கூடு இருக்கும் பர்லினில் ட்ரில் வைக்காதீர்கள், கிரைண்டர் போடாதீர்கள். இரும்பில் அதிர்வு ஓடும். நீங்கள் இந்தக் கோடியில் துளை போட்டால் அந்தக் கோடியில் இருக்கும் கூடு கிளம்பும்.

சின்னக் காகிதக் கூடு என்றால் இருட்டிய பிறகு, முழுக்கை, முகமூடியோடு, சோப்புக் கரைசலை நல்ல வேகத்தில் தூரத்திலிருந்து பீய்ச்சினாலே போதும். சோப்புத் தண்ணீர் குளவியின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள், அந்த நிறம் அதற்குச் சரியாகத் தெரியாது. கூடு விழுந்த பின் காம்பு ஒட்டியிருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து பெயின்ட் அடித்துவிடுங்கள். உங்கள் ஷெட்டில் அதே இடத்துக்குத் திரும்பி வருவதாகச் சொன்னீர்களே, இந்த வேலையை விடாமல் செய்த ஷெட்டுகளில் அது குறைவதைப் பார்க்கிறேன். காகிதப் பையை ஊதிப் பொய்க்கூடாகத் தொங்கவிடச் சொல்வார்கள். அந்தப் பைக்குப் பக்கத்திலேயே கூடு தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தீப்பந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். நாரும் மட்டையும் கிடக்கும் ஷெட்டில் ஒரு பொறி போதும். வெல்டிங் நடக்கும் இடத்தில் கொசு மருந்து ஸ்பிரேயும் ஆபத்து, டப்பாவில் இருப்பது எரியும் வாயு.

கதண்டுக் கூட்டில் நீங்களே கை வைக்காதீர்கள். 101-க்கு அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் உரிய உடுப்போடு வந்து பார்ப்பார்கள். அதுவரை அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

குளவி, கதண்டுக்கு முள் ஒடியாது, ஒன்றே பல முறை கொட்டும். ஒரு கொட்டு என்றால் சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். முகம் வீங்கினால், மூச்சு இரைத்தால், தலை சுற்றினால் சுண்ணாம்பு தடவி நேரத்தைப் போக்காமல் உடனே 108. கதண்டு பல இடங்களில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்த விஷம் சிறுநீரகத்தைப் பாதிப்பது சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் வெளியே தெரியும். சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.