ஹிரோஷிமா: 'போர் முடிந்ததே' என்ற வாதத்துக்கு என்ன பதில்?

கேள்வி: பேச்சுப்போட்டியில் என் மகளுக்கு "போரை முடிக்க அணுகுண்டு வீசியது சரியே" என்ற தலைப்பு. எதிர்த்துப் பேசுகிறாள். "குண்டு போடாவிட்டால் இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்கள்" என்று எதிரணி சொன்னால் என்ன சொல்லலாம்? (பிளஸ் டூ மாணவியின் தாய்)

பதில்: அந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1945இல் ஒகினாவா தீவைப் பிடிக்கவே அமெரிக்கத் தரப்பில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜப்பான் பிடியிலிருந்த சீனப் பகுதிகளிலும் மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். இதை உங்கள் மகள் முதலிலேயே ஒப்புக்கொள்ளட்டும்.

அப்புறம் கேட்கட்டும்: குண்டு, இல்லாவிட்டால் படையெடுப்பு, இந்த இரண்டு வழிதானா இருந்தது? ஜப்பானின் கியூஷு தீவில் அமெரிக்கப் படை இறங்கத் திட்டமிட்ட நாள் நவம்பர் 1. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. இடையில் கிட்டத்தட்ட மூன்று மாதம் இருந்தது. மாஸ்கோ மூலம் சமரசம் பேச ஜப்பான் முயல்வது, இடைமறித்த தந்திகளால் ஜூலையிலேயே அமெரிக்காவுக்குத் தெரியும். பேரரசர் பதவி நீடிக்கலாம் என்ற உறுதியை, ஜப்பான் சரணடையக் கோரிய போட்ஸ்டாம் அறிக்கையில் சேர்க்க அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் விரும்பினார்; சேர்க்கவில்லை.

எதிரணியால் எளிதில் தாண்ட முடியாத இடம் நாகசாகி. ஆகஸ்ட் 9 அதிகாலை சோவியத் படை ஜப்பான் பிடியிலிருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. டோக்கியோவில் போர்க்குழு சரணடைவது பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது குண்டு விழுந்தது. ஹிரோஷிமாவின் அழிவை ஜப்பான் உள்வாங்க மூன்றே நாள்தான் கொடுத்தார்கள். நாகசாகியில் அந்த ஆண்டு இறுதிக்குள் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். அவசரம் என்ன என்ற கேள்விக்கு நான் இதுவரை ஏற்கத்தக்க பதிலைப் படித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. "சரணடைவுக்கும் குண்டுக்கும் தொடர்பே இல்லை" என்று பேச வேண்டாம். ஆகஸ்ட் 15 வானொலி உரையில் பேரரசரே புதிய, கொடூரமான குண்டைக் குறிப்பிடுகிறார். ஆகஸ்ட் 17இல் படையினருக்கு விடுத்த ஆணையில் சோவியத் போரில் நுழைந்ததைத்தான் சொல்கிறார். காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

குண்டால்தான் போர் முடிந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது நியாயமாகிவிடாது என்பதே என் கருத்து. ஹிரோஷிமாவில் அன்று காலை, தீ பரவாமலிருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் வெட்டவெளியில் நின்றார்கள். அரசைப் பணியவைக்க அந்தப் பிள்ளைகளைக் கொல்லலாம் என்றால், பொதுமக்களுக்குப் போரில் பாதுகாப்பே கிடையாது.

சர்வதேச நீதிமன்றத்தின் 1996 கருத்துரையைச் சொல்வதானால் முழுதாகச் சொல்லட்டும். அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்ட விரோதம் என்றது. ஒரு நாட்டின் இருப்பே ஆபத்திலிருக்கும் தற்காப்புக்கு மட்டும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. 1945 ஆகஸ்டில் அமெரிக்காவின் இருப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை.