சென்னையிலிருந்து இலங்கைக்கு: எந்த விடுமுறையில் எந்தக் கரை?

கேள்வி: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து ஒரு வாரம் இலங்கை போக நினைக்கிறோம். பள்ளி விடுமுறையில்தான் கிளம்ப முடியும். மழை இல்லாத மாதம் எது?

இலங்கை முழுக்க மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அக்டோபர் பிற்பகுதியையும் நவம்பரையும் விட்டுவிட்டால், பெரும்பாலும் எந்த மாதத்திலும் தீவின் ஏதாவது ஒரு பக்கம் நல்ல வெயிலோடு இருக்கும். உங்களுக்கு விடுமுறை கிடைக்கிற நேரத்தில் எந்தப் பக்கம் காய்ந்திருக்கிறது என்று பார்த்து அங்கே போக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு ஒரு விடுமுறையே செலவானது.

2018 மே மூன்றாவது வாரம். வேளச்சேரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பயண ஏற்பாடு செய்து தந்தவர், "இலங்கைக்கு எல்லா மாசமும் போகலாம் மேடம்" என்றார். நம்பினோம். தென்மேற்குக் கரையில் இருக்கும் பெந்தோட்டையில் கடலைப் பார்த்த அறை, நான்கு இரவு, பணம் முழுவதையும் முன்னாலேயே கட்டியாயிற்று. போய் இறங்கிய அன்றே கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அலை ஆள் உயரத்துக்கு எழும்பி அடித்தது, மழை நிற்கவே இல்லை. சின்னவனுக்கு அப்போது ஆறு வயது. ஆசையாக வாங்கிக்கொண்டு போன நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டியபடி நாலு நாளும் ஜன்னலோரம் நின்றான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அந்த விடுதியில் சாப்பாடு பரிமாறிய பையன் ஹட்டன் பக்கத்துத் தமிழர். அவன்தான் சொன்னான்: "நீங்க இப்ப கிழக்கே திருகோணமலைப் பக்கம் போயிருக்கணும் அக்கா. அங்க கடல் குளம் மாதிரி கிடக்கும்." ஒரே நாடு, தமிழ்நாட்டில் பாதி அளவுதான் இருக்கிறது, இங்கே கடல் இப்படி என்றால் அங்கே மட்டும் எப்படி என்று நான் நம்பவில்லை. ஐந்து வருடம் கழித்து ஜூலையில் திருகோணமலைக்குப் போனபோது அவன் சொன்னது அப்படியே இருந்தது.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான். ஆனி, ஆடியில் கேரளம் நனைகிறது, குற்றாலம் வரை சாரல் எட்டுகிறது, சென்னை மட்டும் காய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தை அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது அல்லவா? இலங்கையின் நடுவிலும் அப்படி ஒரு மலைக்கட்டு இருக்கிறது. அதன் உச்சி பிதுருதலாகல, 2,524 மீட்டர். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்று கொழும்பு, பெந்தோட்டை, காலி, இரத்தினபுரி என்று மேற்கிலும் தெற்கிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது வெறும் வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. அப்போது யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு நனையும். காலிப் பக்கம் கடல் அடங்கிவிடும். மலையின் மேற்குச் சரிவில் வட்டவளை போன்ற ஊர்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னைக்குச் சுமார் 1,400 என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு என்று புரியும்.

மலையைத் தாண்டி வரும் அந்த வறண்ட காற்றுக்குக் கிழக்கு மாகாணத்தில் கச்சான் என்று பெயர். எங்கள் ஓட்டுநர், "இப்ப கச்சான் அடிக்கிற காலம்" என்றபோது பிள்ளைகள் விழித்தார்கள். முந்தின நாள்தான் கோயில் வாசலில் அம்மா கச்சான் வாங்கித் தந்திருந்தார், அங்கே நிலக்கடலைக்கும் அதுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்கிறார்கள். வாடை, கொண்டல் எல்லாம் அங்கே இன்னும் பேச்சில் இருக்கின்றன. மீன்பிடிப்பவர்களிடம் "சோளகம் தொடங்கிவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தச் செயலியும் தராத பதில் கிடைக்கும்.

இனி நம் விடுமுறைகளுக்கு வருகிறேன்.

கோடை விடுமுறைதான் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது, தவறு நடப்பதும் அதில்தான். ஏப்ரல் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் மலையிலும் மேற்கிலும் இடியோடு மழை இறங்கும். அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துக்கொள்கிறவர்களுக்கு ஏப்ரல் நல்ல மாதம். ஒன்று மட்டும் கவனம்: ஏப்ரல் 13, 14 அங்கேயும் புத்தாண்டு. கடைகள் அடைத்திருக்கும், கொழும்பு வெறிச்சோடும், ஊர் மொத்தமும் நுவரெலியாவில் இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மே பிறந்ததும் தென்மேற்கின் குணம் மாறத் தொடங்கும். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் மே மாதத்தில்தான் அங்கே பெருவெள்ளமும் மண்சரிவும் வந்தன. அரநாயக்க மண்சரிவு 2016 மே மாதத்தில் நடந்தது. எனவே மே மாதம் என்றால் தெற்குக் கடற்கரையைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கிழக்கே போங்கள். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நிம்மதியாக உட்காரலாம். அங்கிருந்து படகில் புறாத்தீவுக்குப் போனால் பவளப்பாறை மீன்களை முகமூடி போட்டுப் பார்க்கலாம். அதே கடலில் திமிங்கிலம் பார்க்கவும் மே தொடங்கிக் காலம்தான்.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்பதால் திருகோணமலை இன்னும் பொருந்தும். கோணேசர் கோயில் செங்குத்தான பாறைமேல், மூன்று பக்கமும் கடல். பாடல் பெற்ற தலம். தேவாரத்தில் கேட்டே பழகிய ஊரை நேரில் பார்த்ததும் என் அம்மா வாசலிலேயே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டார். பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வெயில் கடுமைதான், சென்னை மே மாதத்துக்குக் குறைந்ததல்ல. காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலு மணிக்கு மேலும் மட்டும் வெளியே வாருங்கள். யாழ்ப்பாணம் வரை போக முடிந்தால் அது கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். சேலம் மாம்பழத்தில் வளர்ந்தவள் நான், ஆனாலும் இதைத் தேடிப்போய்ச் சாப்பிடலாம் என்பேன்.

காலாண்டு விடுமுறை நாட்கள் குறைவு, ஆனால் ஒரு நல்ல வாய்ப்பு அதில் உண்டு. ஜூலை தொடங்கி மின்னேரியாக் குளம் வற்ற வற்ற, கரையில் முளைக்கும் புல்லுக்காக யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஆகஸ்டும் செப்டம்பரும் அதன் உச்சம். செப்டம்பர் கடைசியில் கிடைக்கிற ஐந்து நாளுக்கு மின்னேரியா, பொலன்னறுவை, சிகிரியா போதும். யால காட்டை அப்போது நம்பாதீர்கள், வறட்சியால் சில வாரம் மூடிவைப்பது வழக்கம்.

அரையாண்டு விடுமுறைக்கு, அதாவது டிசம்பர் கடைசி வாரத்துக்கு, எல்லாத் திட்டமும் தலைகீழாக மாறுகிறது. அப்போது தெற்கே போக வேண்டும். காலிக் கோட்டை, உனவட்டுன, மிரிச என்று கடற்கரை முழுவதும் உயிரோடு இருக்கும். மிரிசயில் திமிங்கிலக் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. சிவனொளிபாத மலை யாத்திரையும் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நடக்கும். யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ அப்போது குடும்பத்தோடு போக வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்கு டிசம்பரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, வழிகாட்டிகள் எழுதுவதே இல்லை. காலியில் வெயில் அடிக்கலாம், ஆனால் நாம் கிளம்ப வேண்டியது மீனம்பாக்கத்திலிருந்து. அதே வடகிழக்குப் பருவமழை நம் தலைமேலும் நிற்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி விமான நிலையத்தையே மூடினார்கள். என் தங்கை குடும்பம் அன்றைக்குத்தான் கொழும்புக்குக் கிளம்புவதாக இருந்தது. பள்ளிக்கரணையில் இடுப்பளவு தண்ணீருக்கு நடுவே, கட்டிய பெட்டிகளோடு முதல் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் வழியும் அப்படித்தான். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவையைத் தொடங்கினார்கள், பருவமழை நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி கப்பல் ஓடியது 2024 ஆகஸ்டில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

புயலைப் பற்றிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை, ஆனால் மறைக்கவும் மனம் வரவில்லை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல் வட இலங்கையைக் கடந்து வந்ததுதான். மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் 1978 நவம்பரில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மலை ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. நம்மை அன்போடு பார்த்துக்கொண்ட ஊர்கள் அவை. நவம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பொங்கல் விடுமுறை. சென்னையில் மழை ஓய்ந்திருக்கும், தெற்குக் கடற்கரை நல்ல நிலையில் இருக்கும், நுவரெலியாவில் இரவு நடுக்கும் குளிர். வடக்கும் ஜனவரி பிற்பகுதியில் காயத் தொடங்கிவிடும். கிழக்கில் மட்டும் சந்தேகம் உண்டு. மட்டக்களப்பில் 2011 ஜனவரியில்தான் பெருவெள்ளம் வந்தது.

மலைநாட்டுக்குத் தனிக் கணக்கு. தேயிலையை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. மலையின் கிழக்கே ஊவா பக்கத்தில் சிறந்த தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரை, வறண்ட காற்று அடிக்கும்போது. மேற்கே திம்புள்ள பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை. இலைக்கு நல்ல காற்றும் வெயிலும் கிடைக்கிற அந்த மாதங்கள்தாம் நமக்கும் நல்ல மாதங்கள். ஜூலையில் நாங்கள் நுவரெலியாவிலிருந்து தூறலில் கிளம்பினோம். ஹக்கல மலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கியதும் சாலை காய்ந்து கிடந்தது, குடையை மடித்து வைத்தோம். அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. ஹோர்ட்டன் சமவெளிக்கு எந்த மாதம் போனாலும் விடிகாலையில் போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் அங்கே ‘உலக முடிவு’ என்று சொல்லும் செங்குத்துப் பள்ளத்தை மேகம் மூடிவிடும்.

கிளம்பும் வாரத்தில் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள், தமிழிலேயே வருகிறது. மலைக்குப் போகிறீர்கள் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். நீங்கள் போகும் மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் விடுதிப் பணம் போனாலும் பரவாயில்லை, ஏறாதீர்கள். கடற்கரை விடுதிக்கு மட்டும், திரும்பப் பெறக்கூடிய கட்டணத்தில் முன்பதிவு செய்யுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை நீர்கொழும்பில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுநாயக்க விமான நிலையம் பக்கம்தான்.

உங்களுக்கு நான் சொல்வது: மே முதல் வாரம். கொழும்பில் இறங்கி நேரே சிகிரியாவுக்குப் போய் ஓர் இரவு. பாறையில் ஆயிரத்துக்கு மேல் படிகள், அப்பா அம்மா கீழே தோட்டத்திலேயே இருக்கட்டும். அடுத்து திருகோணமலையில் மூன்று இரவு, கண்டியில் ஓர் இரவு, கடைசியாக நீர்கொழும்பு. மே தவறினால் பொங்கல், அப்போது திருகோணமலை இருந்த இடத்தில் காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கண்ணாடியை இங்கேயே வாங்கிவிடுங்கள். என் சின்னவன் ஆறு வயதில் வைத்திருந்தது நிலாவெளிக்குப் போனபோது அவனுக்குச் சேரவில்லை, புதிதாக ஒன்று வாங்கினோம். மூன்று நாளும் அதை அவன் கழற்றவே இல்லை.