பழைய கௌபாய் படங்களில் குதிரையிலிருந்து விழுந்தவர்கள் நிஜமாகவே விழுந்தார்களா? யார் அவர்கள்?

நிஜமாகவே விழுந்தார்கள். மெரினாவில் காசு கொடுத்துக் குதிரை ஏறி, அது நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தவன் நான். மணல்தான், ஆனாலும் இடுப்பு ஒரு வாரம் பிடித்துக்கொண்டது. இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவே. மீதியெல்லாம் படம் பார்த்தும் படித்தும் சேர்த்தது.

விழுந்தவர்களில் பலர் நிஜ கௌபாய்கள். பண்ணை வேலை குறைந்ததும் மாடு மேய்த்தவர்களும் ரோடியோ என்ற குதிரை, மாடு அடக்கும் போட்டிகளில் பேர் வாங்கியவர்களும் ஹாலிவுட்டுக்கு வந்தார்கள். சன்செட் சாலையும் கோவர் தெருவும் சந்திக்கும் முனையில், சொந்தத் தொப்பி, சொந்த பூட்ஸோடு காலையிலேயே வந்து நிற்பார்கள். நம்மூரில் சித்தாள் வேலைக்கு முக்கில் காத்து நிற்பார்களே, அப்படி. பக்கத்து சின்ன ஸ்டுடியோக்காரர்கள் அங்கிருந்து ஆள் எடுப்பார்கள். அந்த முனைக்கே ‘கோவர் கல்ச்’ என்று பேர். கும்பலோடு குதிரை ஓட்டினால் நாள் கூலி. விழுந்தால் அதற்குத் தனிக் காசு.

இந்தக் கூட்டத்தில் பெரிய ஆள் யகிமா கனட். ரோடியோ சாம்பியனாக இருந்து சினிமாவுக்கு வந்தவர். 1939இல் ஜான் ஃபோர்டு எடுத்த ‘ஸ்டேஜ்கோச்’ கிடைத்தால் அந்தத் துரத்தல் காட்சியை மட்டுமாவது பாருங்கள். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறு குதிரைகள் மூன்று ஜோடியாக வண்டியை இழுத்து ஓடுகின்றன. வண்டியைத் துரத்தும் அப்பாச்சி என்ற பழங்குடி வீரன் வேடத்தில் கனட், தன் குதிரையிலிருந்து முன் ஜோடிக் குதிரை மீது தாவுகிறார். சுடப்பட்டு இரண்டு குதிரைகளுக்கும் நடுவே விழுகிறார். ஏர்க்காலைப் பிடித்தபடி முதுகு தரையில் உரசக் கொஞ்ச தூரம் இழுபட்டு, பிறகு கையை விடுகிறார். பின்னால் வரும் குதிரைகளும் வண்டியும் அவருக்கு இரு பக்கமும் ஓடிக் கடக்கின்றன. வண்டி போன பிறகும் ஷாட் முடிவதில்லை. தரையில் கிடப்பவர் புரண்டு எழப் பார்க்கிறார். பொம்மை போட்டு ஏமாற்றவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

சரி, குதிரைகள்? இதைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடம். ‘ரன்னிங் டபிள்யூ’ என்று ஒரு ஏற்பாடு இருந்தது. குதிரையின் முன்னங்கால்களில் பட்டை கட்டி, அதிலிருந்து கம்பியை வயிற்றுப் பட்டையின் வளையம் வழியாகக் கொண்டுபோய், மறுமுனையைத் தரையில் புதைத்த கட்டையில் கட்டிவிடுவார்கள். பாய்ந்து ஓடும் குதிரை, கம்பி தீர்ந்ததும் கால் இழுபட்டுத் தலைகுப்புற விழும். மேலே இருப்பவனுக்கு எந்த இடத்தில் விழப்போகிறோம் என்று தெரியும். குதிரைக்குத் தெரியாது. கனட்டும் அந்தக் கம்பியைப் பயன்படுத்தியவர்தான். அதே 1939இல் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காகப் பாறை உச்சியிலிருந்து தண்ணீருக்குள் தள்ளப்பட்ட குதிரை செத்துப்போனது. எதிர்ப்பு பெருகி, 1940 முதல் விலங்கு நலனுக்கான அமெரிக்க ஹியூமேன் அமைப்பு ஹாலிவுட் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. அப்புறம் கம்பி போய், பழக்கப்பட்ட குதிரைகள் வந்தன. கடிவாளத்தை ஒரு பக்கம் இழுத்தால், கிளறிப் பதமாக்கிய மண்ணில் தானாகச் சாயும்.

மனிதனுக்கும் பாதுகாப்பு சும்மா வந்துவிடவில்லை. விழும்போது கால், சேணத்தில் தொங்கும் மிதிவளையமான அங்கவடியில் மாட்டினால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடிவிடும். அதற்காக ஒரு பக்கம் திறந்த, ‘எல்’ வடிவ அங்கவடியைக் கொண்டுவந்தவர் கனட்தான். ஸ்டண்ட் வேலைக்கும் இந்த மாதிரிப் பாதுகாப்புக் கருவிகளுக்கும் சேர்த்து 1966ஆம் ஆண்டுக்கான கௌரவ ஆஸ்கர் கிடைத்தது.

‘ஸ்டேஜ்கோச்’ பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அதே துரத்தலில் விழுந்துபோன கடிவாளத்துக்காகப் படத்தின் ஹீரோ ஜான் வெய்ன் குதிரை மாற்றிக் குதிரை தாவி முன்னே போவார். அதுவும் வெய்ன் இல்லை, கனட். சற்று முன் ஹீரோ சுட்டுத் தள்ளியதும் அவரைத்தான்.