கல்லில் புத்தர் கதைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து (புத்த நினைவு மேடு) வந்த வட்டச் சிற்பம் ஒன்றில் இரண்டு யானைகள் உள்ளன. ஒன்று ஆளைத் தாக்குகிறது, மற்றது மண்டியிடுகிறது. என்ன கதை?

பதில்: இரண்டும் ஒரே யானைதான். புத்தரைக் கொல்ல இராஜகிருக வீதியில் அவரது உறவினரும் பகைவருமான தேவதத்தன் ஏவிவிட்ட நளகிரி. இடப்பக்கம் அது மதம் பிடித்துப் பாய்கிறது. வலப்பக்கம் புத்தர் காலடியில் பணிகிறது. இடையில் கோடு கிடையாது. முதலில் இடப்பாதியை மட்டும் பாருங்கள்: உடல்களெல்லாம் முறுக்கிச் சாய்கின்றன, மாடிச் சன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு வலப்பக்கம் வாருங்கள். பிக்குகள் அசையாமல் நிற்கிறார்கள். அந்தக் கைத்திறனுக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சி ஸ்தூபி வாயில்களில் புத்தரையே காணவில்லையே?

பதில்: இருக்கிறார், உருவமாக அல்ல, அடையாளங்களாக. கிழக்கு வாயிலின் நடு உத்தரத்தில் சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போகும் காட்சி இருக்கிறது. ஒரே குதிரை திரும்பத் திரும்ப வருகிறது. முதுகில் ஆளில்லை, மேலே குடை மட்டும். வலக்கோடியில் பாதச்சுவடுகள். குதிரை திரும்பி வரும்போது குடையும் இல்லை. அவர் இறங்கிவிட்டார் என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: செதுக்கியவர்கள் யாரென்று தெரியுமா?

பதில்: சாஞ்சி தெற்கு வாயில் கல்வெட்டு, அருகிலுள்ள விதிசை நகரின் யானைத் தந்த வேலைக்காரர்கள் என்கிறது. அந்த நுணுக்கம் அங்கிருந்து வந்ததே.

கேள்வி: கதை தெரியாதவர் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: மத்தியப் பிரதேசத்தின் இன்னொரு ஸ்தூபியான பார்ஹுத்தில் கதையின் பெயரையே பொறித்துவிட்டார்கள். புத்தருக்கு ஜேதவனம் என்ற தோப்பைத் தானம் தரும் காட்சியில் அனாதபிண்டிகர் என்ற வணிகர் வண்டியிலிருந்து காசை இறக்கி நிலமெங்கும் பரப்புகிறார், தாரை வார்க்கிறார். கோடிக்கணக்கில் காசு பரப்பி வாங்கிக் கொடுத்தார் என்று பிராமி எழுத்தில் குறிப்பும் உண்டு. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: அமராவதி ஸ்தூபி இப்போது எங்கே?

பதில்: இதைச் சொல்லும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. 1797இல் ஆங்கிலேயக் கம்பெனியின் அதிகாரி காலின் மெக்கன்சி பார்த்தபோதே இடிந்துகொண்டிருந்தது. பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல் என்பதால் சிற்பங்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். 1845இல் இன்னொரு கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்தவை சென்னைக்கு வந்தன. அவற்றில் பல 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. அமராவதியில் ஸ்தூபி இருந்த இடத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் மேடுதான். ஆனாலும் எழும்பூரில் நிறைய இருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், நளகிரியிலிருந்து தொடங்குங்கள்.