மூன்று மணி நேரம் நடந்தும் யானை இல்லை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சின்னமனூரில் வசிக்கிறேன். காட்டைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டுத்தான், பள்ளி திறப்பதற்குள் போய்வரலாம் என்று மே கடைசி வாரம் கணவரையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு தேக்கடிக்குப் போனேன். படகில் ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறோம். அப்போது கரையில் யானைக் கூட்டமும் காட்டுமாடுகளும் பார்த்தோம். இந்த முறை வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து போகும் காலை நடைக்குச் சீட்டு எடுத்தோம். படகைவிடச் செலவு அதிகம்.

மூன்று மணி நேரம் நடந்தோம். ஒரு மலை அணில், சில கருங்குரங்குகள், உயரத்தில் ஏதோ பறவைகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாணம், காலடித் தடம், மரத்தில் நகக் கீறல். முந்தைய இரண்டு நாள் மழை பெய்திருந்ததால் அட்டை வேறு. மகள் அழுதேவிட்டாள். வழிகாட்டி நம்மூர்த் தமிழ்தான் பேசினார், ஆனால் மொத்தமே பத்து வார்த்தை பேசியிருப்பார். நாங்கள் வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்கினார். மலைச்சரிவிலிருந்து லாரி ஹாரன் போல நாலைந்து முறை ஒரு சத்தம் வந்தது. என்னவென்று கேட்டதற்கு "மிளா" என்றார், வேறு விளக்கம் இல்லை. பிறகு ஒரு வளைவில், பக்கத்து மூங்கில் புதருக்குள் தூரத்து புல்லட் வண்டி போல ஏதோ உறுமியது. அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்துவிட்டு, காரணமே சொல்லாமல் வந்த வழியே எங்களைத் திருப்பிவிட்டார். சிவப்பு நூல் சுற்றியதுபோல் ஒரு கொட்டையை மகள் எடுத்து வைத்திருந்தாள், அதையும் வாங்கிக் கீழே போட்டார்.

வடநாட்டில் ஜீப்பில் போனால் புலியே பார்க்கலாம் என்கிறார் என் கணவர். இந்த நடைகளால் என்ன பயன் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பைனாகுலர் ஒன்று வாங்கும் எண்ணமும் இருக்கிறது. எது நல்லது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றும் பார்க்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ஆனால் பல முறை காட்டுக்குப் போனவர்களுக்கும் வாய்க்காத ஒரு காலையை எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களோடு அங்கே இல்லாததால் இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் குறித்திருப்பதை வைத்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூங்கில் புதர். தூரத்து புல்லட் போன்ற உறுமல் என்றால் அநேகமாக யானைதான். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்தது. எட்டுகிற பகுதி இப்படித்தான் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அது கேட்கிறதென்றால் யானை பக்கத்தில் இருக்கிறது. அடர்ந்த மூங்கிலுக்குப் பின்னால் முழு யானை நின்றாலும் தெரியாது. யானைக்குக் கண் கொஞ்சம் மந்தம், மூக்கு மிகக் கூர்மை. எனவே காற்று யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பதுதான் அந்த இடத்தில் ஒரே கேள்வி. வழிகாட்டி மண்ணைத் தூவியது அதைப் பார்க்கத்தான். தூசி புதர்ப் பக்கம் போயிருக்கும். உங்கள் வாசனை போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. கூட்டத்தில் குட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. கையில் குழந்தையோடு நின்ற ஒரு குடும்பத்தை அவர் சத்தமில்லாமல் திருப்பிக் கூட்டி வந்தார். "யானை" என்று அவர் வாயைத் திறந்திருந்தால் ஒருவர் கத்தியிருப்பார், ஒருவர் போனை எடுத்திருப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். அங்கே பேசாதது சரி. ஏரிக்கரைக்குத் திரும்பி வந்தபின் உட்கார வைத்து, நடந்தது இதுதான் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல வழிகாட்டிகள் பலர் அதைச் செய்கிறார்கள், சிலர் தங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை நீங்களே கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

இனி அந்த "மிளா". கடமானைத்தான் நம் தென்மலைகளில் மிளா என்பார்கள். புலியையோ சிறுத்தையையோ செந்நாய்க் கூட்டத்தையோ கண்டுவிட்டால் அது உடனே ஓடுவதில்லை. வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, ஆபத்து இருக்கும் திசையைப் பார்த்தபடியே கத்தும். பதுங்கி வருகிற விலங்குக்கு, தான் பார்க்கப்பட்டுவிட்டோம் என்று தெரிந்தால் பாதி வேட்டை அப்போதே போய்விட்டது. கேளையாடு என்கிற சிறிய மான் சின்னச் சந்தேகத்துக்கும் குரைக்கும், அதை அவ்வளவாக நம்ப மாட்டார்கள். கருமந்தி, அதாவது நீங்கள் பார்த்த கருங்குரங்கு, உச்சிக்கிளையிலிருந்து பார்ப்பதால் அதன் எச்சரிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் நான் அறிந்த வழிகாட்டிகள் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புவது மிளாவைத்தான். மனிதரைக் கண்டும் மிளா கத்துவதுண்டு. நீங்களோ எதிர்ப்புறத்தில் இருந்திருக்கிறீர்கள், அதுவும் நாலைந்து முறை கத்தியிருக்கிறது. அந்தச் சரிவில் அந்த நேரத்தில் ஒரு வேட்டை விலங்கு நடந்துகொண்டிருந்தது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. அதைத்தான் உங்கள் வழிகாட்டி ஒற்றைச் சொல்லில் சொல்லியிருக்கிறார்.

சிவப்பு நூல் சுற்றிய கொட்டையைப் பற்றிப் படித்ததும் எனக்கு உங்கள் மகளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அது காட்டு ஜாதிக்காயாக இருக்க வேண்டும். பிரியாணிக்குப் போடுகிறோமே ஜாதிபத்திரி, அதுபோன்ற உறைதான் அந்தச் சிவப்பு நூல். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைக்கு அது உயிர். பழத்துக்குள்ளிருந்து கொட்டையை உறையோடு விழுங்கி, உறையைச் செரித்துக்கொண்டு, கொட்டையை வேறெங்காவது கொண்டுபோய்க் கக்கும். அங்கே முளைக்கும். உங்கள் மகள் எடுத்ததில் உறை இன்னும் இருந்தது என்றால் அது எந்தப் பறவையின் வாய்க்கும் போகாமல் விழுந்தது. அங்கேயே கிடந்தால் வேறு ஏதாவது ஒன்று தின்னும், இல்லையென்றால் முளைக்கும். காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது விதி. ஆனால் குழந்தையிடம் அதைச் சொல்லி வாங்கியிருக்கலாம். நீங்கள் இப்போது அவளிடம் சொல்லிவிடுங்கள், அந்த வருத்தம் போகட்டும்.

படகிலிருந்து பார்த்தது நடையில் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் காலம். கோடை ஏற ஏற ஏரித் தண்ணீர் இறங்கும். இறங்கின கரையில் இளம்புல் முளைக்கும். காட்டுக்குள் ஓடைகள் வற்றிக் கிடக்கும். அப்போது யானையும் காட்டுமாடும் தண்ணீருக்கும் புல்லுக்கும் கரைக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டு மழை பெய்துவிட்டால் காடெல்லாம் தண்ணீர், காடெல்லாம் துளிர், கரைக்கு வரும் தேவை குறைந்துவிடும். நீங்கள் போனது சரியாக அந்த மழைக்குப் பின். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போயிருந்தால் வேறு கடிதம் எழுதியிருப்பீர்கள், அட்டையும் இருந்திருக்காது.

இந்த வழிகாட்டிகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் நடந்த தேக்கடிக் காடு அடங்கிய பெரியாறு சரணாலயம் 1978-இல் புலிகள் காப்பகமானது. இப்போது மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். சுற்றியிருக்கும் ஊர்களில் ஒரு காலத்தில் வயணப்பட்டை உரிக்கக் காட்டுக்குள் போகிறவர்கள் இருந்தார்கள். காட்டு இலவங்கத்தின் பட்டை அது. நாட்கணக்கில் உள்ளே தங்கி, மரத்தை உரித்து, கிடைத்ததை வேட்டையாடித் தின்று, இரவில் சுமையோடு இறங்குவார்கள். பிடிபட்டால் வழக்கு. 1990களின் பிற்பகுதியில், உலக வங்கி நிதியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வனத்துறை இவர்களோடு உட்கார்ந்து பேசியது. அந்தத் தொழிலை விட்டார்கள். அவர்களே ஒரு குழுவாகி, காட்டைக் காவல் காப்பதையும் பயணிகளைக் கூட்டிப் போவதையும் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். மன்னான், பளியர் குடிகளிலிருந்து வந்த தடம் பார்ப்பவர்களுக்கும் தனிக்குழு உண்டு. நீங்கள் சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்டவர்களின் சம்பளம். அந்த மனிதர்கள் தினமும் காட்டுப் பாதைகளில் நடப்பதாலேயே திருட்டுக் கூட்டங்கள் உள்ளே வரத் தயங்குகின்றன.

எனக்குக் காட்டைக் காட்டியவர் ஒரு பளியர் பெரியவர். வேறொரு மலையில், பல வருடங்களுக்கு முன். அன்றைக்கு எனக்கும் உங்கள் மனநிலைதான். இரண்டு மணி நேரம் நடந்தபின் ஒரு பாறையைக் காட்டி உட்காரச் சொன்னார். நாற்பது நிமிடம். எதற்கென்று சொல்லவில்லை. பிறகு தலையை லேசாகச் சாய்த்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் மூச்சிரைக்க யாரோ ஓடிவருவதுபோல் ஒரு சத்தம் மரங்களுக்கு மேலே வந்தது. இருவாச்சியின் சிறகடிப்பு அது. எதிரே ஒரு பெரிய மரத்தின் பொந்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பொந்தின் வாய் அடைபட்டிருப்பதையும் நடுவில் ஒரு கீற்று மட்டும் திறந்திருப்பதையும் பார்த்தேன். பெட்டை உள்ளே போய், தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு மேல் அந்த இருட்டில் இருக்கும். ஆண்பறவை தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீற்றில் கொடுத்தது. இருபத்து மூன்று எண்ணினேன். ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பமே பட்டினி.

திரும்பி வரும் வழியில் பெரியவர் சொன்னார்: "சின்ன வயசுல இந்த மரத்துலதான் ஏறிக் குஞ்சு எடுப்பேன். ருசியா இருக்கும்."

வருடா வருடம் அதே பொந்துக்கு இருவாச்சி திரும்பி வரும் என்பதால் அவருக்கு அந்த மரம் தெரியும். குஞ்சு எடுக்கப் போனபோது கற்ற அதே காதால்தான் எனக்கும் முன்பே சிறகொலியைக் கேட்டார். நான் கொஞ்சம் அருகில் போகலாமா என்று கேட்டதற்கு, என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆண் இரை கொண்டுவரத் தயங்கும். வழிகாட்டியோடு நடப்பது என்றால் எனக்கு அன்றிலிருந்து இதுதான்: ஒருவர் ஐம்பது வருடம் காட்டில் சேர்த்த காதையும் கண்ணையும் மூக்கையும் சில மணி நேரம் இரவல் வாங்கிக்கொள்வது.

ஜீப்பைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது தவறில்லை. மத்திய இந்தியாவின் திறந்த காடுகளில் ஜீப்பில் போகிறவர்கள் புலி பார்க்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன், கண்ணீர் வந்தது. ஆனால் ஒரு புலியைச் சுற்றி வண்டிகள் நெருக்கியடித்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். 2012-இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்தில் சுற்றுலாவையே சில மாதங்கள் நிறுத்தி வைத்து, விதிகள் வகுக்கப்பட்ட பிறகுதான் திரும்ப அனுமதித்தது. அங்கே போவதென்றால் போங்கள், விலங்கைத் துரத்தச் சொல்லி ஓட்டுநரை மட்டும் நெருக்காதீர்கள். பெரியாறு போன்ற அடர்ந்த மழைக்காட்டில் எந்த வண்டியில் போனாலும் புலி எளிதில் தெரியாது.

அட்டைக்கு: காலுக்குத் துணியுறை கொடுப்பார்கள், குழந்தைக்கும் கேட்டு வாங்கி முழங்காலில் இறுக்கிக் கட்டுங்கள். கடித்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பும் போடாதீர்கள். நகத்தை வாய்ப்பக்கம் வைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலில் ஒரு பொருள் இருப்பதால் காயம் சிறிது நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. வலிக்காது என்பதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழுப்பு, கரும்பச்சை நிறத்தில் உடை உடுத்துங்கள். வாசனைத் தைலம் வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது பதறி வருகிறது. கூடு கட்டும் பருவத்தில் அது பெரிய கொடுமை. உங்கள் கூட்டத்தில் யாராவது செய்தால் தயவுசெய்து தடுங்கள்.

பைனாகுலரில் 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு அருகில் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் காட்டுவார், கை ஆட்டத்தில் ஒன்றும் நிற்காது. காட்டு நிழலில் முன்கண்ணாடி சிறியதாக இருந்தால் எல்லாம் இருட்டாகத் தெரியும். குழந்தைக்குக் கனமாக இருந்தால் 8×32 எடுக்கலாம்.

வாங்கியதும் தேக்கடி வரை காத்திருக்க வேண்டாம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர்தான் நீங்கள் நடந்த காட்டின் ஏரி. அதுதான் மலையைக் குடைந்த வழியாக இறங்கி உங்கள் ஊர் வயலுக்கு வருகிறது. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து உழவு நடக்கும்போது காலை ஆறரைக்கு மகளை வரப்புக்குக் கூட்டிப் போங்கள். மடையான், பஞ்சுருட்டான், பனங்காடை, கரிச்சான் எல்லாம் இருக்கும். கண்ணாடியை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒரே ஒரு கரிச்சானை மட்டும் அரைமணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே உட்கார்ந்தது, எத்தனை முறை பறந்தது, எதைப் பிடித்தது, யாரை விரட்டியது என்று அவளே எழுதட்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்